எம். வசந்த், பதினோராம் நம்பர்

அண்ணாச்சி, ஸ்கோரா பாக்கிய? கிரிக்கெட்டா? சரி சரி, பாருங்க. எந்த சைட்ல பாக்கியன்னு தெரிஞ்சுக்கத்தான் எட்டிப் பாத்தேன், தப்பா நெனைக்காதிய. பழக்கம். யாரு கையில போன் இருந்தாலும் கண்ணு அங்க போயிருது.

நான் கோவில்பட்டிலதான் எறங்கணும். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்லா. இப்பத்தான திருமங்கலத்துக்கே வருது.

கிரிக்கெட்டுக்கு என்ன, எதத் தொறந்தாலும் ஸ்கோர் வந்து விழும். ஹாக்கிக்கு அப்படி இல்ல அண்ணாச்சி. அதுலயும் சின்னப் பயலுவ ஆடுற லீக்குன்னா தேடித்தான் பிடிக்கணும். நான் தேடிப் பிடிச்சது மூணு. ஆறேழு மாசமா இதையே மாத்தி மாத்திப் பாத்தவன் நம்ம ஜில்லாவுல என்னத் தவிர வேற யாரும் இருக்க மாட்டான்.

முதல்ல சரவெடின்னு ஒண்ணு. வேகம்னா அதுதான். அங்க கோல் விழுந்தா இங்க இருபது செகண்டுல டிங்னு மணி அடிக்கும். நான் மிஷின்ல கைய வச்சிருப்பேன், சட்டைப்பையில டிங்குங்கும், நெஞ்சுக்குள்ள எனக்கும் ஒரு டிங். பேரு மட்டும் போடுவான், நிமிஷம் போடுவான், அவ்வளவுதான். 'வசந்த், 14.' 'வசந்த், 52.' நடுவுல மூட்டுவலித் தைலம் விளம்பரம் வந்து பாதி ஸ்கோர மறைச்சிரும். அதத் தள்ளிவிட்டுட்டுப் பாக்கணும்.

ரெண்டாவது அரங்கம். அது கமென்ட்ரிக்கு. தமிழ்ல எழுதுவான், நல்லா எழுதுவான். 'வலது ஓரத்தில் மூன்று பேரைக் கடந்து வந்த வசந்த், கோல்கீப்பர் கண் இமைப்பதற்குள் பந்தைத் தள்ளினார்.' இப்படி. மனப்பாடமாத் தெரியும் எனக்கு. எந்த மேட்ச்னு சொல்லுங்க, ஒப்பிக்கேன்.

மூணாவதுதான் பதிவேடு. யாரோ ரிட்டயர்டான அம்பயர் ஒருத்தர் தனியா நடத்துறாராம். வெள்ளையா ஒரு பக்கம், கறுப்பா எழுத்து, ஒரு போட்டோகூட கெடையாது. மேட்ச் முடிஞ்சு மறுநாத்தான் போடுவாரு. ஆனா ரெண்டு டீம்லயும் ஒவ்வொருத்தன் முழு விவரமும் இருக்கும். எந்த ஊரு, எந்த மாநிலம், யாரு உக்காந்திருந்தான், யாருக்கு அடி, எல்லாம். எனக்கு அது பிடிக்காது. சவசவன்னு இருக்கும். யாராவது கேட்டா, சரவெடி பாருங்க, அரங்கம் பாருங்க, அந்தப் பதிவேட்டுப் பக்கம் போவாதியன்னுதான் சொல்லுவேன்.

வசந்த் என் மகன். ஒரே மகன். எம். வசந்த். எம்முன்னா மாடசாமி, நான்தான்.

எனக்கு வேல தீப்பெட்டி ஆபீஸ்ல. ஆபீஸுன்னா மேசை நாற்காலின்னு நெனைச்சிராதிய, எங்க ஊர்ல தீப்பெட்டி ஃபேக்டரிய ஆபீஸ்னுதான் சொல்லுவோம். நான் மிஷின் பாக்கவன். எங்க ஊரு ஹாக்கி ஊருன்னு கேள்விப்பட்டிருப்பிய. நான் ஆடுனதில்ல. சின்னதுல கிரவுண்டுக்கு வெளிய நின்னு, முள்ளுக்குள்ள போற பந்த எடுத்துப் போட்டிருக்கேன். ஒரு நாளாவது உள்ள கூப்பிடுவானுவன்னு பாத்தேன், கூப்பிடல. அதனால இவன் நடக்க ஆரம்பிச்சதும் கையில ஸ்டிக்கக் குடுத்துட்டேன்.

நல்லா ஆடுவான். சத்தியமா நல்லா ஆடுவான். குட்டையா இருப்பான், கறுப்பா, ஆனா பந்து ஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டு வரும். தெனமும் காலையில நான்தான் கிரவுண்டுல கொண்டுபோய் விடுவேன், ஒரு நாளும் தவறினதில்ல. ஞாயித்துக்கிழம மேட்ச்சுன்னா கோட்டுக்கிட்ட நின்னு கத்துவேன். கோல் அடிச்சுட்டு என்னப் பாத்து ஓடிவருவான். 'அது இருக்கட்டும், இடதுபக்கம் ஆளு சும்மா நின்னான், ஏன் பாஸ் குடுக்கல'ம்பேன். பாராட்டினா தலைக்கனம் வந்துரும்லா. அப்பன் செய்யவேண்டியத நான் செஞ்சேன்.

போன வருசம் வைகாசியில வடக்க ஒரு அகாடமில எடம் கெடச்சுது. தங்குறது சாப்பாடு எல்லாம் அவங்களே. ஊரே திரண்டு ரயிலேத்தி விட்டுச்சு. வேலுத்தாய், என் வீட்டுக்காரி, அவ மட்டும் அழுதா. 'ஏளா, இந்தியாவுக்கு ஆடப் போறவன அழுது அனுப்பாத'ன்னு அதட்டுனேன். ஆவணியில அகாடமிகளுக்குள்ள லீக் ஆரம்பிச்சுது. எட்டு டீமு, மாசி வரைக்கும் மேட்ச்சு.

முதல் மேட்ச் அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. டிங். 'வசந்த், 14.' மிஷின நிறுத்திட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்தாரு, 'என்ன மாடசாமி, என்ன ரிப்பேரு'ன்னாரு. 'ரிப்பேரு இல்ல சார், என் மகன் கோல் போட்டுட்டான்'னேன். அவரும் சிரிச்சுட்டாரு. கடைசில இன்னொரு டிங். 'வசந்த், 52.' ரெண்டு கோல் அண்ணாச்சி, முதல் மேட்ச்லயே. பொம்பளைங்க எல்லாம் குச்சி அடுக்குறத விட்டுட்டுக் கை தட்டுனாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் அவனே போன் பண்ணுனான். 'யப்பா'ன்னான். கொரலு கம்மியிருந்துது. 'யப்பா, ஒரு விசயம் சொல்லணும்'னான். 'நீ ஒண்ணும் சொல்லவேண்டாம்டா, எல்லாம் நான் பாத்துட்டேன். பதினாலாவது நிமிஷம் ஒண்ணு, அம்பத்திரெண்டுல ஒண்ணு. என் தங்கமே, என் வயித்துல பால வாத்துட்ட'ன்னேன். அப்படியெல்லாம் நான் பேசுறவன் கெடையாது. அன்னைக்கு வந்துருச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, 'ஆமாப்பா'ன்னான். களைப்பா இருக்கும்னு நெனச்சு, 'போய்த் தூங்குடா'ன்னு வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் நான்தான் போன் பண்ணுவேன். எடுப்பான். 'ஆமாப்பா, சரிப்பா'ம்பான். ரெண்டு நிமிஷம். மேட்ச் ஆடுன பிள்ளைக்கு அதுக்குமேல பேச எங்க தெம்பிருக்கும். பேசுறதெல்லாம் நான் பேசிருவேன். ஒரு தடவ அவன் பக்கத்துல யாரோ 'திருநெல்வேலி, திருநெல்வேலி'ன்னு கத்துற மாதிரி கேட்டுச்சு. 'என்னடா அங்க தமிழ்ல கத்துறானுவ'ன்னேன். 'டிவிப்பா'ன்னான். சரின்னுட்டேன்.

கோல் விழுந்தா எங்க ஊர்க் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டு சீனிராஜ் டீக்கடைக்குப் போயிருவேன். ஹாக்கிக்காரனுவ எல்லாம் சாயங்காலம் அங்கதான் இருப்பானுவ. ஆளுக்கொண்ணு குடுப்பேன். அரங்கத்துல போட்டிருக்கத சத்தமா வாசிப்பேன். அமைதியாக் கேப்பானுவ. யாரும் குறுக்கப் பேசமாட்டானுவ. அவ்வளவு மரியாத. சீனிராஜ் ரெண்டாவது டீ ஊத்தித் தந்துட்டு, 'குடிங்க அண்ணாச்சி'ம்பான். அவன் பொறாமப்படுறான்னுகூட நான் ஒரு நாளு நெனச்சேன், மொகத்துல சிரிப்பே இல்லாம இருந்துச்சு.

அரங்கத்துல கீழ நாம எழுதலாம், பாத்திருப்பிய. 'வசந்த் எங்கள் கோவில்பட்டி பையன்' அப்படின்னு எழுதிவிட்டேன். அடுத்த மேட்ச்ல அரங்கத்துக்காரனே 'கோவில்பட்டி வசந்த்'னு எழுதிட்டான். அத ஒரு கடையில குடுத்து பிரிண்ட் எடுத்து ஆபீஸ் வாசல்ல ஒட்டுனேன். சந்தேகம்னு யாராவது சொன்னா காட்டலாம்லா. யாரும் சொல்லல, ஆனா இருக்கட்டும்னு.

இந்தப் பதிவேடுதான் குறுக்க வந்துது. புரட்டாசியில ஒரு நாளு எல்லா சைட்டையும் ஒத்துப் பாத்துக்கிட்டிருக்கேன். அதுல, 'எம். வசந்த், கர்நாடகம், பதினோராம் நம்பர், ஒரு கோல்'னு இருக்கு. எனக்குக் கொதிச்சுப்போச்சு. பெத்தவன் இங்க இருக்கேன், கர்நாடகத்துக்குத் தூக்கிக் குடுக்கானே. கீழ ஒரு அட்ரஸ் இருந்துது. உக்காந்து மெயில் எழுதுனேன். 'அறிவிருக்கா, என் மகன் தமிழ்நாடு, திருத்தவும்'னு. ரெண்டு நாள்ல பதில் வந்துது. 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஆரம்பிச்சு நீளமா இருந்துச்சு. முதல் வரிய பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, சப்பைக்கட்டுன்னு. தப்பு செஞ்சவன்தான் மரியாதையா எழுதுவான். மூடி வச்சுட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பதிவேட்ட நான் தொறக்கவே இல்ல. வேற ரெண்டு சைட்டு சரியா போடுறான், ஒருத்தன் தப்பா போடுறான். ரெண்டு பெருசா, ஒண்ணு பெருசா? நீங்களே சொல்லுங்க.

தண்ணி குடிக்கியளா? எங்கிட்ட இருக்கு. வேணாமா, சரி.

வேலுத்தாய் இதுல எதுலயும் சேரமாட்டா. நான் கமென்ட்ரி வாசிச்சா அடுப்பப் பாத்துக்கிட்டு நிப்பா. அவளுக்கு வெள்ளிக்கிழம ஆனா மதுரைக்குப் போவணும். மீனாட்சிக்கு நேந்திருக்கேன்ம்பா. தூக்குச்சட்டி நெறைய எதையாவது செஞ்சு எடுத்துக்கிட்டுப் போவா. கோயிலுக்கு எதுக்குடி மீன் கொழம்புன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. மகன் கோல் போடணும்னு வேண்டிக்கிடுதா, போவட்டும்னு விட்டுட்டேன். ஐப்பசியில ஒரு தடவ நாலு நாள் வரல. மதுரையில அக்கா வீட்ல இருக்கேன், அக்காவுக்கு முடியலன்னா. அந்த நாலு நாள்லதான் ரெண்டு மேட்ச்சு, மூணு கோலு. தனியா உக்காந்து பாத்தேன். வந்ததும் சொன்னேன், 'நீ இல்லாமப் போயிட்டியே'ன்னு. அவ ஒரு மாதிரி பாத்தா. எளச்சிருந்தா. அக்காவப் பாத்துக்கிட்ட அசதி.

தீவாளிக்கு வரல, பொங்கலுக்கும் வரல. அவன் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன், 'லீவு தரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்டா, நீ மேட்ச்ச பாரு'ன்னு. 'சரிப்பா'ன்னான்.

மொத்தம் பத்தொம்பது கோல் அண்ணாச்சி. நாலு பெனால்டி கார்னர்ல, மிச்சம் ஓடிப் போட்டது. ரெண்டு பச்சை அட்டை, அம்பயர் எச்சரிக்கைக்குக் காட்டுவாருல்லா, அது. எல்லாம் தலைக்குள்ள இருக்கு.

முந்தாநாத்து ஞாயித்துக்கிழம செமி ஃபைனல். அதுக்கு மட்டும் யாரோ லைவா வீடியோ போடுறதா அரங்கத்துல போட்டிருந்தான். ஆறேழு மாசமா எழுத்துலயே பாத்தவன், முதல் தடவையா படத்துல பாக்கப் போறேன். சீனிராஜ் கடை டிவியில போன மாட்டிவிடச் சொன்னேன். அவன் யோசிச்சான். 'அண்ணாச்சி, வீட்லயே பாருங்களேன்'னான். 'தனியா பாக்குற விசயமாடா இது'ன்னேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேட்ச்சு. பத்துப் பதினஞ்சு பேரு இருந்தானுவ. மிட்டாய் பாக்கெட்ட முதல்லயே பிரிச்சு வச்சுட்டேன்.

டீம் வரிசையா வந்து நின்னுச்சு. நான் பதினோராம் நம்பரத் தேடுதேன். நெட்டையா, செவப்பா ஒரு பய நிக்கான். முடிய மேல தூக்கிக் கட்டியிருக்கான். சட்டையில பதினொண்ணு. நான் சொன்னேன், 'நம்பர மாத்திட்டானுவ போலுக்கு'ன்னு. மேட்ச் ஆரம்பிச்சுது. என் மகனத் தேடுதேன், தேடுதேன், ஆளக் காணல. பத்தாவது நிமிஷம் அந்த நெட்டப் பய ஒரு கோல் போட்டான். என் சட்டைப்பையில டிங்குன்னுது. 'வசந்த், 10.'

நான் 'கேமரா சரியில்லடா'ன்னேன். அப்ப டிவி அணைஞ்சுது. சீனிராஜ், 'கரண்ட் போயிருச்சு அண்ணாச்சி'ன்னான். தலைக்குமேல ஃபேன் சுத்திக்கிட்டுத்தான் இருந்துது. நான் ஃபேனப் பாத்தேன். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டிருந்தானுவ.

வீட்டுக்கு வந்தேன். போன எடுத்து அந்தப் பதிவேட்டுக்காரர் மெயில தேடுனேன். அஞ்சு மாசத்துக்கு முந்தி வந்தது, அடியில கெடந்துச்சு. அன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன். 'மதிப்பிற்குரிய ஐயா, இந்த அணியில் எம். வசந்த் என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். கோல் அடித்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த மஞ்சுநாத் வசந்த். உங்கள் மகன் லீக் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு பயிற்சியில் முழங்காலில் காயம்பட்டு ஊர் திரும்பிவிட்டதாக அகாடமியில் கூறினார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் விரைவில் குணமடைய வேண்டுகிறேன்.' இவ்வளவுதான். யாருன்னே தெரியாத மனுசன். நான் அறிவிருக்கான்னு கேட்டிருந்தேன் அவர.

வேலுத்தாய் மாவாட்டிக்கிட்டிருந்தா. போன அவகிட்ட நீட்டுனேன். வாங்கல. கிரைண்டர நிறுத்திட்டுக் கையக் கழுவுனா.

'எப்பத்துல இருந்து தெரியும்'னேன்.

'அவன் மதுரையில வந்து எறங்குன அன்னைக்கே தெரியும்'னா.

'ஏன் எங்கிட்ட சொல்லல?'

'மூணு தடவ சொல்ல வந்தேன். மூணு தடவையும், ஏளா, பொறு, மேட்ச் ஓடுதுன்னிய.'

'ஏளா, எங்க இருக்கான் அவன்?'

'மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பார்சல் ஆபீஸ்ல பில்லு போடுறான். ஐப்பசியிலதான் ஆபரேசன் நடந்துது. நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நீங்க அவனுக்கு, சூப்பர் கோல்னு மெசேஜ் போட்டிய. ஆபரேசன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சதும் போனக் கேட்டான். அதத்தான் முதல்ல பாத்தான்.'

'திரும்ப ஆடுவானா'ன்னு கேட்டேன். 'மாட்டானாம்'னா. அப்புறம் அவளாவே சொன்னா, 'ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கிரவுண்டுப் பயலுவ எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துட்டுத்தான் போனானுவ. சீனிராஜ் அண்ணன் ரெண்டு தடவ வந்தாரு'ன்னு.

'அப்ப எல்லாரும் மிட்டாய வாங்கித் தின்னானுவளே'ன்னேன்.

'நீங்க குடுத்திய. வாங்கிக்கிட்டாங்க.'

பாருங்க அண்ணாச்சி, ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. அந்த சரவெடிக்காரன் முழுப் பேரு போட்டிருந்தான்னா இவ்வளவு வந்திருக்குமா? அந்த அரங்கத்துக்காரன், நான் ஏதோ எழுதுனா அத அப்படியே எடுத்துப் போடுவானா, விசாரிக்க வேண்டாமா? நான் என்ன, கேக்க மாட்டேன்னா சொன்னேன்?

சரி. விடுங்க. இது விருதுநகர்தான? கொஞ்ச நேரம் நிப்பான். எறங்கி டீ குடிக்கியளா? நானும் எறங்கல.

இன்னைக்குக் காலையில பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்குப் போனேன். பார்சல் ஆபீஸ் ஒரு சந்துக்குள்ள இருக்கு. அட்டைப்பெட்டியும் சாக்குமா அடச்சுக் கெடக்கு. நடுவுல ஒரு மேசை. மேசைக்குப் பின்னால என் மகன். மீசை வச்சிருக்கான். எனக்குத் தெரியாது அவன் மீசை வச்சது. என்னப் பாத்ததும் எந்திரிக்கல. எனக்குச் சுருக்குன்னுது, அப்பனப் பாத்து எந்திரிக்காம இருக்கானேன்னு. பொறவுதான் நெனப்பு வந்துது.

'வாங்கப்பா'ன்னான். ஒரு ஸ்டூல காட்டுனான். உக்காந்தேன்.

வழியெல்லாம் என்ன பேசணும்னு யோசிச்சுட்டுப் போயிருந்தேன். 'சாப்பிட்டியாடா'ன்னேன். 'சாப்பிட்டேன்'னான். ஒரு ஆளு வந்து பார்சல் போட்டான், இவன் பில்லு எழுதிக் குடுத்தான். எழுத்து நல்லா இருக்கு அவனுக்கு.

'நீ சொல்லியிருக்கலாம்லாடா'ன்னேன்.

பேனாவ மூடி வச்சான். 'அன்னைக்குச் சொல்லத்தான்ப்பா போன் பண்ணுனேன். ரெண்டு கோல்னிய. உங்க கொரலு அப்படி இருந்து நான் கேட்டதே இல்லப்பா. நான் நெசமாவே அடிச்சப்பகூட அப்படி இருந்ததில்ல. இன்னும் ஒரு நாள் போவட்டும்னு நெனச்சேன். அடுத்த மேட்ச்சுக்கும் அப்படியேதான் பேசுனிய.'

கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். சாதாரணமா சொன்னான், பார்சல் எப்பப் போகும்னு கேட்டா சொல்ற மாதிரி.

எனக்கு அவன ஆறுதல் படுத்தணும் போல இருந்துது. அதுக்கு என் வாயில வந்தது என்ன தெரியுமா? 'அந்தக் கர்நாடகப் பயலப் பாத்தேன்டா வீடியோவுல. உன் கையில இருக்க வேகம் அவன்கிட்ட இல்ல. சும்மா நெட்டையா இருக்கான், அவ்வளவுதான்'னேன்.

சிரிச்சான். ஒம்பது மாசத்துக்கு அப்புறம் அவன் சிரிச்சு இப்பத்தான் பாக்கேன். 'அவன் என் ரூம்ல இருந்தவன்ப்பா. விழுந்தன்னைக்கு என்னத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது அவன்தான். ரயில்ல மதுர வரைக்கும் கூட வந்து விட்டுட்டு, மறுநாளே திரும்பிப் போய் முதல் மேட்ச் ஆடுனான். ஒவ்வொரு வாரமும் போன் பண்ணுவான். மொதல்ல கால் எப்படி இருக்குன்னு கேப்பான், அப்புறந்தான் மத்ததெல்லாம்.'

நான் அந்தப் பையன எவ்வளவு நாளா என் மகன்னு நெனச்சுக் கொண்டாடிக்கிட்டிருந்தேன். அவன் அங்க இருந்து என் மகனக் கேட்டுக்கிட்டிருந்திருக்கான்.

'வீட்டுக்கு வாடா'ன்னேன். 'வேலைய விட்டுட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்.'

'இப்ப வேணாம்ப்பா.'

'ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாமே. பெறவு என்ன வெக்கம் உனக்கு?'

'ஊருக்காக இல்லப்பா'ன்னான். அதுக்குமேல சொல்லல. நானும் கேக்கல. பொட்டிய எறக்க ஒரு லாரி வந்துது, ஆளுக உள்ளயும் வெளியயும் போயிட்டிருந்தாங்க. நான் ஸ்டூல ஓரமா நகத்திக்கிட்டு இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அவன் வேலையப் பாத்தான். மத்தியானம் ஆச்சு. கௌம்பும்போது, 'உனக்கு ஏதாவது வேணுமாடா'ன்னு கேட்டேன்.

'அம்மாவ அனுப்புங்கப்பா. கொஞ்ச நாள் கூட இருக்கட்டும்'னான்.

'சரி'ன்னேன். 'நானும் வரவா'ன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துது. அவன் அதுக்குள்ள அடுத்த பில்ல எழுத ஆரம்பிச்சுட்டான்.

பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு வேலுத்தாய்க்கு போன் போட்டேன். 'உன்ன வரச் சொல்றான்'னேன். 'பைய கட்டித்தான் வச்சிருக்கேன்'னா. நான் சொல்றதுக்கு முன்னாலயே கட்டியிருக்கா பாருங்க. நாலு மணிக்கெல்லாம் நம்மூரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருதேன்னா. ஃபிரிட்ஜுல மாவு இருக்கு, ரசத்துக்குப் புளி ஊறப் போட்டிருக்கு, ராத்திரி பால் வாங்க மறந்துராதியன்னா. எப்ப திரும்ப வருவன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல.

இந்தா, சாத்தூர் தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரந்தான். நீங்க நேரா திருநெல்வேலி தான? உங்களப் பேசியே கொன்னுட்டேன். ஸ்கோர்கூட பாக்க விடல.

இவ்வளவும் சொன்னேன்லா, இன்னும் ஒண்ணு இருக்கு. அத யாருகிட்டச் சொல்லன்னு தெரியல. பஸ்ஸுல ஏறி உக்காந்ததுல இருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு வாரேன்.

அந்தக் கர்நாடகத்துப் பிள்ளைக்குப் பத்தொம்பது கோலு. நெட்டை. வலது ஓரத்துல ஆடுவான். ரெண்டாவது பச்சை அட்டை வாங்குனது கார்த்திகையில, நாப்பத்தோராவது நிமிஷம். எல்லாம் சொல்லுவேன் நான், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

என் மகனப் பத்தி எனக்குத் தெரிஞ்சது, முழங்கால்ல அடின்னு ஒண்ணுதான். அந்த மெயில்லயும் அவ்வளவுதான் போட்டிருந்துச்சு. அவன் மேசைக்குப் பின்னாலயே உக்காந்திருந்தான். ரெண்டு மணி நேரம் எதுக்க உக்காந்திருந்துட்டு வந்திருக்கேன், எட்டிப் பாக்கல. கேக்கவுமில்ல.

வேலுத்தாய் பஸ் ஸ்டாண்டுல நிப்பா. அவ பஸ் எடுக்குறதுக்குள்ள கேக்கணும். என்ன நெனச்சாலும் நெனச்சிட்டுப் போறா. எந்தக் கால்னு கேக்கணும் அண்ணாச்சி.